சீரியஸ் என்று சொல்லத் தெரியாதவர்

எங்கள் தெருவில் சாவுச் செய்தியை நேராகச் சொல்கிற ஒரே ஆள் ஒரு வெள்ளைக்காரர். முடிச்சூரில் எங்கள் வீட்டு மாடியில் பதிமூன்று வருஷம் குடியிருந்தார். இங்கிலாந்து ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெயர் தெருவில் யாருக்கும் வாயில் நுழையாது. மேஜர் சார் என்றால்தான் தெரியும். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவர் மனைவி பழைய பல்லாவரத்துக்காரர். சின்ன வயதில் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போய், அங்கே ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் இவரைச் சந்தித்திருக்கிறார். வயதான பிறகு சொந்த ஊர்ப் பக்கம் வந்துவிட வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஆசை. அவர்கள் வீடு பார்க்க வந்த நாள் நினைவிருக்கிறது. ஆறடிக்கு மேல் உயரம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். அவர் மோட்டார் சுவிட்சைப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், தண்ணி நல்லா வருதா?" என்று கேட்டார். என் கணவர் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். மனைவியின் வீட்டாரிடமிருந்து கற்ற தமிழ் அது. கடைசிவரை அதைத்தான் பேசினார்.

இரண்டாவது வருஷம் அந்த அம்மா இறந்துபோனார். புற்றுநோய். காலை ஆறு மணிக்கு மேஜர் சார் கீழே இறங்கி வந்தார். முகம் மழித்திருந்தார், டை கட்டியிருந்தார். கிரில் கேட்டுக்கு வெளியே நின்று என் கணவரிடம், மனைவி இறந்துவிட்டாள், நாலு மணிக்கு, நான் பக்கத்தில் இருந்தேன் என்று மூன்று வாக்கியத்தில் சொன்னார். என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கொஞ்ச நேரம் கையைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டார். நான் காப்பி கொண்டுவந்தேன். வேண்டாம் என்றார்.

அன்று காலை ஆட்டோ வைத்துக்கொண்டு பல்லாவரம் போய், மனைவியின் இரண்டு அக்காக்கள் வீட்டு வாசலிலும் நின்று அதையே சொல்லிவிட்டு வந்தார். போனில் சொல்லவில்லை. அந்த அக்காக்களில் ஒருவர் ரொம்ப நாள் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். சீரியஸ்ஸா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லி எங்களை வரவழைச்சிருக்கலாமே, இப்படியா வந்து தலையில போடுவாங்க என்று.

அவர் குறைப்பட்டது எனக்குப் புரிந்தது. எங்கள் குடும்பங்களில் போனில் யாரும் சாவதில்லை. போனில் எல்லோரும் சீரியஸ்தான். என் அப்பா இறந்தபோது, லேசா முடியல, கிளம்பி வா என்றுதான் அண்ணன் சொன்னான். தாம்பரத்தில் பஸ் ஏறி திண்டிவனம் போய்ச் சேரும்வரை எந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம், யாரைக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். தெருமுனையில் வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்ததும்தான் தெரிந்தது. அண்ணன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் முறை என்று நினைத்தேன்.

ஒருநாள் மேஜர் சார் என்னிடம் வந்து, சாவைச் சொல்லத் தமிழில் எத்தனை வார்த்தை இருக்கிறது என்று கேட்டார். நான் கணக்கு டீச்சர். இருந்தாலும் தெரிந்ததைச் சொன்னேன். காலமானார், தவறிட்டார், போயிட்டார், சாமிகிட்ட போயிட்டார். அவர் ஒவ்வொன்றாக மெல்லச் சொல்லிப் பார்த்தார். போயிட்டார் கூடாது என்றார். போனவர் வருவார் என்று கேட்கிறவர்களுக்குத் தோன்றும். தவறிட்டார் என்றால் எங்கே விழுந்தார் என்று கேட்பார்கள். கடைசியில் இறந்துட்டார் என்பதை எடுத்துக்கொண்டார். அதை மட்டும் மெட்ராஸ் தமிழ் கலக்காமல் சுத்தமாகச் சொல்வார்.

எதிர் வீட்டு விஜயா அக்காவின் தம்பி விழுப்புரம் பக்கத்தில் பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்துபோனான். முப்பத்தி நாலு வயது. செய்தி எங்கள் வீட்டு போனுக்குத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆண்கள் நாலு பேர் தெருவில் கூடி நின்று பேசினார்கள். காருக்குச் சொல்லியாயிற்று, அக்காவிடம் காலில் அடி என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போகலாம் என்று முடிவானது. அக்கா அப்போது வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, என்ன எல்லாரும் கூடிக் கூடிப் பேசுறீங்க என்றுகூடக் கேட்டார்.

மேஜர் சார் மாடியிலிருந்து இதையெல்லாம் பார்த்திருக்கிறார். சட்டை மாற்றி, ஷூ போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். அவங்களுக்குத் தெரியுமா என்று என் கணவரிடம் கேட்டார். இல்லை என்றதும் நேராகத் தெருவைத் தாண்டிப் போனார். என் கணவர் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்தார். அதற்குள் அவர் வாசலில் நின்று, அக்காவின் தம்பி பெயரை முழுசாகச் சொல்லி, "இறந்துட்டார்" என்று சொல்லிவிட்டார்.

முறம் கீழே விழுந்தது. அக்கா போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்தது. விஜயா அக்காவின் கணவர் மேஜர் சாரின் சட்டையைப் பிடித்துவிட்டார். மேஜர் சார் அசையவில்லை. கையைத் தட்டிவிடவும் இல்லை. அக்காவின் அண்ணி பெருங்களத்தூரிலிருந்து வந்து சேரும்வரை, முக்கால் மணி நேரம், வெயிலில் அந்த வாசலிலேயே நின்றார். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டார்.

தெருவில் ரொம்ப நாள் அவரோடு யாரும் பேசவில்லை. கல்நெஞ்சக்காரன் என்றார்கள். என் கணவரும் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தார். நாலைந்து மாசம் கழித்து விஜயா அக்கா என்னோடு மார்க்கெட்டுக்கு வந்தபோது தானாகவே பேச்சை எடுத்தார். "விழுப்புரம் போற வரைக்கும் அவனுக்காக அழுதுகிட்டே போனேன். சொல்லாம இருந்திருந்தா சாமிகிட்ட பேரம் பேசிக்கிட்டே போயிருப்பேன். அப்புறம் அந்தச் சாமியையும் கும்பிட முடியாம போயிருக்கும்" என்றார். அதன் பிறகு தெருவில் துக்கம் என்றால் ஒன்றிரண்டு பேர் மேஜர் சாரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் போய் நின்று சொல்வார்.

ஆனாலும் அக்காவுக்கு ஒரு வருத்தம் இருந்தது. யார் வீட்டுக்கு வந்தாலும் மேஜர் சார் உட்கார மாட்டார், ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டார். துரைக்கு நம்ம வீட்டு டம்ளர் ஆகாதோ என்றார். நான் இதை மேஜர் சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்தது. அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் என் கணவரையும் என்னையும் நிற்க வைத்து அவர் சொன்னதுதான், அவரைப் பற்றி அவரே சொல்லி நான் கேட்டதில் அதிகமானது.

அவர்கள் பெரிய பரம்பரை. முன்பக்கம் மட்டும் முப்பது ஜன்னல் உள்ள வீடு. சொந்தமாக ஓர் ஏரி. குடும்பத்தாரை மட்டும் புதைக்கிற ஒரு சர்ச். இவர் இரண்டாவது பிள்ளை. வீடு, பட்டம் எல்லாம் மூத்தவனுக்கு. இரண்டாவது பிள்ளை ராணுவத்துக்குப் போக வேண்டும், அதை யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. எட்டு வயதில் ஹாஸ்டல் பள்ளிக்கு அனுப்பும்போது அப்பா கை குலுக்கினாராம். அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்பா தன்னைத் தொட்டதாக நினைவில்லை என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் நம்பர் சொல்வது போலச் சொன்னார்.

அயர்லாந்தில் கலவரம் நடந்த காலத்தில் முட்டியில் அடிபட்டுத் திரும்பியவரை ஒரு வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். இறந்த சிப்பாயின் வீட்டுக்குப் போய்ச் சொல்கிற வேலை. வயது இருபத்தெட்டு. முதல் வீடு, சுரங்கத் தொழிலாளிகள் இருக்கிற ஒரு சின்ன ஊரில். கதவைத் திறந்த அம்மா இவர் பேச்சையும் உடையையும் பார்த்து, இவ்வளவு பெரிய இடத்து ஆபீசர் நம் வீட்டுக்கு வந்திருக்கிறாரே, பையனுக்கு ஏதோ பதவி உயர்வு என்று நினைத்துவிட்டார். உட்காரச் சொன்னார். இவரும் உட்கார்ந்துவிட்டார். டீ வந்தது. அன்று காலையில் செய்த கேக் வந்தது. மகனின் சின்ன வயசுப் போட்டோக்கள் வந்தன. சொல்ல வாய் வராமல் இரண்டு கப் டீயும் ஒரு துண்டு கேக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னார். அந்த அம்மா அழவில்லை. தெரிஞ்சு வச்சுக்கிட்டேவா சாப்பிட்டே என்று கேட்டாராம்.

அதற்கப்புறம் அந்த வேலையில் எத்தனை வீட்டுக்குப் போனார் என்று என் கணவர் கேட்டார். மேஜர் சார் வாளியை எடுத்துக்கொண்டார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

அவர் அண்ணன் இறந்த செய்தி அவருக்கு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். தன் அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் சுமார் என்று அண்ணன் மகன் ஒரு மெயில் போட்டிருந்தான். மூன்று வாரம் கழித்து, பழைய ராணுவ நண்பர் ஒருவர் பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பைப் படம் எடுத்து அனுப்பினார். அடக்கமே முடிந்துவிட்டிருந்தது. மேஜர் சார் கீழே வந்து அண்ணன் இறந்துட்டார் என்று எங்களிடம் சொன்னார். பிறகு, "எங்க ஆளுங்களும் உங்க ஆளுங்க மாதிரிதான் டீச்சர்" என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

வெள்ளம் வந்த வருஷம் எங்கள் மகள் காவ்யாவுக்குப் பதினொரு வயது. ஏரித் தண்ணீர் ஊருக்குள் வந்து, விடியும்போது கீழ் வீடு ஜன்னல் வரை முழுகியிருந்தது. நாங்கள் மூன்று பேரும், விஜயா அக்காவும் அவர் கணவரும் மேஜர் சார் வீட்டில் இருந்தோம். பின் தெருவில் தனியாக இருக்கிற ஒரு பெரியவரைக் கூட்டி வருகிறேன் என்று என் கணவர் இறங்கினார். மேஜர் சாரும் கிளம்பினார். உங்க முட்டி தாங்காது சார், நீங்க இவங்களைப் பாத்துக்குங்க என்று என் கணவர் தடுத்துவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் தெருமுனையில் திரும்பியதைப் பார்த்தேன். ஆறரை மணி இருக்கும்.

அவர் வரவில்லை. பத்து மணிக்குக் கோவளம் பக்கத்திலிருந்து மீனவர்கள் படகு கொண்டுவந்தார்கள். தெருவை அடையாளம் காட்ட ஆள் வேண்டும் என்றார்கள். மேஜர் சார் மாடிப்படியில் இறங்கிப் படகில் ஏறிக்கொண்டார். பின் தெருவில் ஒரு மதில் சுவர் இடிந்து விழுந்திருந்தது. என் கணவர் அதற்கடியில் கிடந்தார். அவர் தேடிப்போன பெரியவர் தண்ணீர்த் தொட்டி மேல் பத்திரமாக இருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. படகு ஓட்டிய அண்ணன்தான் சொன்னார். அவரே மேஜர் சாரிடம், "அந்த அக்காவாண்ட இப்போ எதுவும் சொல்லிக்காத சார், ஆஸ்பத்திரில கீறாருன்னு சொல்லு" என்று கெஞ்சியிருக்கிறார். மேஜர் சார் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

பதினொரு மணிக்கு அவர் படியேறி வந்தார். உடம்பெல்லாம் சேறு. வாசலில் நின்றார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது என்பதைத் தவிர வேறு எதுவும் உடம்பில் நடக்கவில்லை. காவ்யா தரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

அவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு, "உட்காருங்க சார்" என்றேன்.

அவர் உட்காரவில்லை. என் கணவரின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். நான் இன்னும் சத்தமாக உட்காருங்க என்றேன். அதற்குள் காவ்யா எழுந்து வந்து, அப்பா எங்க அங்கிள் என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க, காலில அடி. அப்படித்தானே சார்?" என்றேன் நான்.

அவர் ரொம்ப நேரம் நின்றார் என்று எனக்குத் தோன்றியது. விஜயா அக்காவைக் கேட்டால் உடனே சொல்லிவிட்டார் என்பார். ஆமாம் என்றார். பிறகு உட்கார்ந்தார். நான் அவர் அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தார்.

அன்று முழுவதும் அவர் காவ்யாவோடு சீட்டு விளையாடினார். அவள் நாலு ஆட்டம் ஜெயித்தாள். சத்தம் போட்டுச் சிரித்தாள். நான் கடுகு தாளித்துத் தக்காளிச் சோறு செய்தேன். எல்லோரும் சாப்பிட்டோம். உப்பு சரியாக இருந்தது. அதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன், உப்பு எப்படிச் சரியாக இருந்தது என்று.

மறுநாள் சாயங்காலம் தண்ணீர் வடிந்து, பெருங்களத்தூரில் என் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். என் கணவரை அங்கேதான் கொண்டுவந்திருந்தார்கள். வாசலில் கால் வைத்ததும் நாத்தனார் காவ்யாவைக் கட்டிக்கொண்டு, அப்பன் இல்லாத பிள்ளையாயிட்டியே என்று கத்தினார். காவ்யாவுக்கு அப்படித்தான் தெரிந்தது.

காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பிய அன்று அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். அங்கிளுக்கு முன்னாடியே தெரியுமா? தெரியும் என்றேன். எனக்கும் தெரியும் என்று அதோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எல்லாருக்கும் நிஜத்தைச் சொன்னவர் எனக்கு மட்டும் பொய் சொன்னார், நான் சிரிச்சிட்டிருந்தேன்மா, அப்பா அங்க கிடந்தப்போ நான் சிரிச்சிட்டிருந்தேன் என்று ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு படியில் அவர் வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவாள். அவர் வாங்கி வைத்த பிறந்த நாள் புத்தகம் பிரிக்காமலே அவர் கதவடிக்குத் திரும்பிப் போகும். ஒன்பது வருஷம் இப்படி.

தாங்க முடியாமல் ஒருநாள் மாடிக்குப் போனேன். அவளிடம் சொல்லிவிடப் போகிறேன் சார், நான்தான் உங்களைப் பொய் சொல்ல வைத்தேன் என்று. அவர் வேண்டாம் என்றார்.

"அவளுக்கு அப்பா இல்ல டீச்சர். இத்த சொன்னா அம்மாவும் இல்லாம பூடும். என்னாண்டயே கோச்சுக்கினு இருக்கட்டும்."

நான் சரி என்று இறங்கி வந்துவிட்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

வெள்ளத்துக்குப் பிறகு அவர் யார் வீட்டுக்கும் போய்ச் செய்தி சொல்லவில்லை. தெருவில் ஒரு துக்கம் நடந்து கூப்பிட வந்தவர்களிடம், இனிமே நான் சொல்றதில்ல என்று கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு யாரும் கூப்பிடவில்லை. எங்கள் தெருவில் மறுபடியும் எல்லோரும் சீரியஸ் ஆனார்கள்.

போன வருஷம் அவர் இறந்தார். நெஞ்சில் சளி கட்டி, குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். நானும் விஜயா அக்காவும் மாறி மாறி இருந்தோம். காவ்யா வரவில்லை. அவள் அப்போது கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மகனுக்கு போன் செய்தேன். குடும்ப சர்ச்சில் அவருக்கு இடம் இருக்கிறது, அனுப்ப முடியுமா என்று கேட்டான். அவர் எழுதி வைத்திருந்தபடி பல்லாவரத்தில் மனைவிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். எட்டுப் பேர் இருந்தோம்.

ஐப்பசியில் மாடியைக் காலி செய்தோம். காவ்யா வேலைக்குச் சேர்ந்த புதிது, லீவு நாள். உதவிக்கு வந்தாள். சட்டைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டே, எவ்வளவு நேர்த்தியா வாழ்ந்த மனுஷன், ஒரு குழந்தைகிட்ட உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பழகிப்போன ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள்.

நான் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சொல்லத்தான் வந்தார், நான்தான் உட்கார வைத்தேன் என்றேன். அவர் அதை மறைத்ததையும், நான் அதற்கு ஒத்துக்கொண்டதையும் சொன்னேன்.

அவள் கடைசிச் சட்டையையும் மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"உனக்கு எத்தனை மணிக்குத் தெரியும்?"

"பதினொரு மணிக்கு."

"நாம சாப்பிட்டது?"

"அதுக்கப்புறம்."

பெட்டியை டேப் போட்டு ஒட்டினாள். ஓரத்தைக் கையால் அழுத்தித் தேய்த்தாள். கல்லறை எந்தப் பக்கம் என்று கேட்டாள். கேட்டுக்குள் நுழைந்து இடது பக்கம் கடைசி வரிசை என்றேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பல்லாவரத்துல சந்தைக் கூட்டமா இருக்கும், ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போலாம் என்றேன். அவள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"நீ வராத. முதல்ல அவர்கிட்ட பேசிட்டு வரேன். உன்கிட்ட அப்புறம்."

இப்போது தை மாசம். மாடிக்குப் புதுக் குடித்தனம் வந்துவிட்டது. காவ்யா தினமும் வேலைக்குப் போய் வருகிறாள். கேஸ் புக் பண்ணியாச்சா, பால் வந்துச்சா என்று என்னோடு பேசுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லாவரம் போய் வருகிறாள். அந்த அப்புறம் மட்டும் இன்னும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.